மாமா ஏன் தொடையை அழுத்தி நடக்கிறார்?

போன மாசம் ராமேஸ்வரம் போயிருந்தேன். பேய்க்கரும்பில் இருக்கிற அப்துல் கலாம் நினைவிடத்துக்கு எங்க மாமாவும் கூட வந்தார். மாமாவுக்கு ரெண்டு வயசுலேயே போலியோ. வலது கையால வலது தொடையை அழுத்தி அழுத்தித்தான் நடப்பார். சின்ன வயசுல நான் அதை ஸ்டைல்னு நினைச்சு நடிச்சுக் காட்டி, அம்மாகிட்ட அடி வாங்கியிருக்கேன். ஏன் அழுத்துறார்னு மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த எபிசோடு அந்தக் கேள்விதான்.

முதல்ல எலும்பு. வளர்ந்த மனுஷனுக்கு மொத்தம் 206. முழங்கால்ல மேலே தொடை எலும்பு, உடம்புலேயே நீளமானது. கீழே கீழ்க்கால் எலும்பு. முன்னாடி முழங்கால் சில்லு. இந்த அடுக்கு தானா நிக்காது, தசை பிடிச்சு நிறுத்தணும்.

தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால மடக்க ஒரு கூட்டம், நீட்ட ஒரு கூட்டம். தொடைக்குப் பின்னாடி இருக்கிற தசைகள் முழங்காலை மடக்கும். முன்னாடி இருக்கிறது நீட்டும். இதுக்கு 4 தலை, ஜிம்ல ‘குவாட்ஸ்’னு சொல்றது இதைத்தான். நாலும் ஒண்ணு சேர்ந்து, முழங்கால் சில்லு வழியா கீழ்க்கால் எலும்பைப் பிடிச்சிருக்கு. கிணத்து ராட்டினம் கயிறுக்கு உதவுற மாதிரி, சில்லு அந்த இழுப்புக்கு உதவுது.

போலியோ வைரஸ் தாக்குறது தசையை இல்ல. தசைக்கு உத்தரவு அனுப்புற தண்டுவட நரம்புச் செல்களை. நம்ம பாஷையில, ஹார்டுவேர் சரி, கேபிள் கட். சிக்னல் வராத தசை மெலிஞ்சு போகும். தொடு உணர்ச்சி மட்டும் அப்படியே இருக்கும்.

குவாட்ஸ் வேலை செய்யலைன்னா, எடை வெச்சதும் முழங்கால் மடங்கிரும். மாமா தொடையைப் பின்னாடி தள்ளி முழங்காலை நேரா நிறுத்துறார். அந்த 4 தலைத் தசையோட வேலையை அவர் கை பார்க்குது!

“ஸ்கூல்ல இரும்பு காலிப்பர் போட்டிருந்தீங்களே மாமா?”

“மணல்ல அது என்னைத் தூக்காது மாப்ள. நான்தான் அதைத் தூக்கணும்.” அதைப் பரண்ல போட்டுட்டார்.

இது கலாம் பல மேடைகள்ல சொன்ன விஷயமும்கூட. அக்னி ஏவுகணைக்காக எடை குறைஞ்ச கார்பன் பொருள் ஒண்ணை உருவாக்கியிருந்தாங்க. ஹைதராபாத் நிஜாம்ஸ் மருத்துவமனையோட எலும்பு மருத்துவர் ஒருத்தர் அதைக் கையில தூக்கிப் பார்த்துட்டு, கலாமைத் தன் நோயாளிகள்கிட்ட கூட்டிட்டுப் போனார். அங்கே குழந்தைங்க 3 கிலோவுக்கு மேல இருக்கிற காலிப்பரை இழுத்துட்டு நடந்தாங்க. 3 வாரத்துல 300 கிராம் காலிப்பர் தயாராச்சு.

அது வேலை செய்யற விதம் அழகு. காலை ஊன்றும்போது தரை நம்மைத் திருப்பித் தள்ளுது, நியூட்டன் விதி. இந்தக் காலிப்பர் கணுக்காலை அசையாம பிடிச்சுக்கும். அப்போ அந்தத் தள்ளல் முழங்காலுக்கு முன்னாடி போய், முழங்காலை நேரா நிறுத்தும். எல்லாருக்கும் இது பொருந்தாது, இடுப்புலயும் தொடையிலயும் கொஞ்சம் பலம் மிச்சம் இருக்கணும்.

இந்தியாவுல இயற்கையா பரவுற போலியோ வைரஸால வந்த கடைசி பாதிப்பு 2011 ஜனவரியில, ஹவுராவில். 2014 மார்ச்சுல போலியோ இல்லாத நாடுன்னு சான்றிதழ் கிடைச்சுது. நோய் போயிருச்சு, மாமா மாதிரி ஆட்கள் நம்மகூட இருக்காங்க. பல வருஷம் கழிச்சு அவங்களுக்குப் புதுசா பலவீனமும் களைப்பும் வரலாம். மிச்சமிருந்த நரம்புச் செல்கள் இத்தனை வருஷமா கூடுதல் வேலை பார்த்ததுதான் முக்கியக் காரணமா சொல்றாங்க. போஸ்ட் போலியோன்னு பேரு.

மாமாவும் ஒரு வருஷமா, “இடது காலும் சரியில்ல மாப்ள”ன்னு சொல்லிட்டிருக்கார். வயசாச்சுன்னு எல்லாரும் விட்டுட்டோம், நானும்தான். அடுத்த வாரம் மதுரையில டாக்டரைப் பார்க்கப் போறோம். உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா, ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.