காணவில்லை என்பதும் இல்லை என்பதும்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவியருக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியர் நுளம்பைப் பற்றிப் பேச வருகிறார் என்றதும் உங்களில் பலர் சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். அந்தப் பேச்சு இன்று இல்லை. நான் பேச வந்த நுளம்புகள் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துபோனவை.

நுளம்பின் உடல் மிக மென்மையானது. அடித்தால் கையில் ஒரு கறைதான் மிஞ்சும். அப்படிப்பட்ட ஒன்று உயிர்ச்சுவடாக நிலைப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, அமைதியான ஏரியின் அடியில் மிக நுண்ணிய சேற்றுப் படலங்களுக்கிடையே அமிழ்வது. மற்றது, மரப்பிசினில் ஒட்டிக்கொள்வது. பிசினிலும் வகை உண்டு. முருங்கைப் பிசின் தண்ணீரில் ஊறி இளகிவிடும். குங்கிலியம் போன்றது தண்ணீரில் கரையாது. இந்த இரண்டாவது வகைப் பிசின்தான் மண்ணுக்குள் புதைந்து, காலப்போக்கில் இறுகி அம்பர் ஆகிறது.

முதலில் ஏரிச் சேற்றில் கிடைத்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 46 மில்லியன் ஆண்டுப் பழமையான களிப்பாறைகள் உள்ளன. 1980களில் புவியியல் மாணவர் ஒருவரும் அவருடைய பெற்றோரும் அங்கே சேகரித்த கற்கள் பல ஆண்டுகள் அவர்களுடைய வீட்டின் நிலவறையிலேயே கிடந்தன. பின்னர் அவை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பட்டன. அங்கு தொண்டராகப் பணியாற்றிய, ஓய்வுபெற்ற உயிர் இரசாயனவியலாளர் டேல் கிரீன்வோல்ற், அவற்றுள் வயிறு கறுத்து உப்பியிருந்த ஒரு பெண் நுளம்பைக் கண்டார். அவருடைய குழுவினர் அந்த வயிற்றைப் பரிசோதித்தபோது இரும்பு மிகுதியாக இருந்தது. ஈமோகுளோபினில் இரும்பைத் தாங்கி நிற்கும் ஈம் என்ற மூலக்கூறின் எச்சமும் இருந்தது. அதே இடத்தில் கிடைத்த ஆண் நுளம்பில் அப்படி இல்லை. 2013இல் இம்முடிவு வெளிவந்தது. குருதி குடித்த நிலையிலேயே கல்லாகிப் போன ஒரு நுளம்பு அதுவரை யாருக்கும் கிடைத்திருக்கவில்லை.

அது யாருடைய குருதி? தெரியாது. அதை அறிய டிஎன்ஏ வேண்டும். டிஎன்ஏ அவ்வளவு காலம் நிலைக்காது. இதுவரை மீட்கப்பட்டவற்றுள் மிகப் பழையது கிரீன்லாந்தின் உறைமண்ணில் கிடைத்தது. அதன் வயதே ஏறத்தாழ 2 மில்லியன் ஆண்டுகள்தான். 1993இல், ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படம் வெளிவந்த அதே நாட்களில், லெபனான் அம்பரில் இருந்த வண்டு ஒன்றிலிருந்து 120 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட டிஎன்ஏயைப் பிரித்தெடுத்ததாக ஓர் ஆய்வு வெளியானது. உலகமே வியந்தது. ஆனால் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் அம்பர்ப் பூச்சிகளில் அதேபோன்ற முயற்சியைக் கவனமாகச் செய்து பார்த்தபோது பழைய டிஎன்ஏ எதுவும் கிடைக்கவில்லை என 1997இல் அறிவித்தனர். பிற்கால மாசு ஒன்றையே பழையதாக எண்ணிவிட்டார்கள் என்பதுதான் இன்றைய பொதுவான கருத்து. திரைப்படம் மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்தது 2023ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு. பெண் நுளம்புதான் குருதி குடிக்கும், ஆண் நுளம்பு பூந்தேன் அருந்தும் என்று நாங்கள் படித்தோம், நீங்களும் படிக்கிறீர்கள். இன்று உயிரோடிருக்கும் நுளம்புகளுக்கு இது சரி. ஆனால் லெபனானின் ஹம்மானா என்ற ஊரில் கிடைத்த, 125 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய அம்பரில் இரண்டு ஆண் பூச்சிகள் இருந்தன. அவற்றின் வாயுறுப்பில், தோலைத் துளைக்க ஏற்றவை போன்ற, கூரிய பற்களுள்ள தாடைகள் காணப்பட்டன. இவையே அறியப்பட்ட மிகப் பழைய நுளம்புகள் என்றும், அக்காலத்தில் ஆணும் குருதி குடித்திருக்கலாம் என்றும் லெபனான் நாட்டு ஆய்வாளர் டானி அசாரும் அவருடைய குழுவினரும் எழுதினர்.

இதற்கு மறுப்பும் விரைவிலேயே வந்தது. இவை நுளம்புக் குடும்பமே அல்ல, அதற்கு நெருங்கிய மற்றொரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்று நுளம்பு வகைப்படுத்தலில் தேர்ந்த ஒருவர் எழுதினார். இத்தகைய வழக்குகள் இன்னும் சில மாதிரிகள் கிடைக்கும்போதுதான் தீரும். கூச்சலில்லாமல், ஒரு தாடையின் வடிவத்தையும் ஒரு சிறகின் நரம்பையும் காட்டியே இருதரப்பும் வாதிடுவதை நான் ஆவலோடு வாசித்தேன்.

மூன்றாவது, 2025இல் வெளிவந்தது. மியன்மாரின் 99 மில்லியன் ஆண்டு அம்பருக்குள் நுளம்புக் குடம்பி ஒன்றை ஜேர்மனியின் மியூனிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். குடம்பி வாழ்வது நீரில், பிசின் வடிவது மரத்தில். இரண்டும் எப்படிச் சந்தித்தன? மரப்பொந்து போன்ற சிறிய இடத்தில் தேங்கிய நீரில் அது வாழ்ந்திருக்க வேண்டும், அதற்குள் பிசின் துளி விழுந்திருக்க வேண்டும் என்று விளக்குகிறார்கள். அந்தக் குடம்பி இன்றைய உறவினரைப் போலவே இருக்கிறது. நாம் சிரட்டைகளைக் கவிழ்ப்பது எவ்வளவு பழைய ஒரு வழக்கத்துக்கு எதிராக என்று எண்ணிப் பாருங்கள். பூச்சாடித் தட்டு கடைசியில் வந்துவிட்டது, மன்னியுங்கள்.

இவையெல்லாம் சேர்ந்து சொல்வது என்ன? கிடைத்தவற்றுள் மிகப் பழைய நுளம்பு என்பது உலகின் முதல் நுளம்பு அல்ல. மரபணு ஒப்பீடுகள் நுளம்புகளின் தோற்றத்தை இந்த அம்பர்களுக்கெல்லாம் வெகு முன்னே, ஜுராசிக் காலத்திற்கோ அதற்கும் அப்பாலோ கொண்டுசெல்கின்றன. இடைப்பட்ட காலத்தில் நுளம்பு இருந்திருக்கிறது. நமக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

‘காணவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் வேறு வேறு வசனங்கள். எங்கள் நாடு இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1934, 35ஆம் ஆண்டுகளின் மலேரியாவில் இங்கு ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். பின்னர் டிடிரி தெளித்து, 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளரே என்ற நிலைக்கு வந்தோம். நோய் போய்விட்டது என்று எண்ணித் தெளிப்பதும் தேடுவதும் தளர்ந்தன. 1960களின் இறுதியில் அது இலட்சக்கணக்கானோரைத் தாக்கித் திரும்பி வந்தது. 2016இல்தான் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதன் பின்னும் தேடுவதை நிறுத்தவில்லை என்பதே நாம் கற்ற பாடம்.

நானும் கற்றிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், உங்கள் வயது மாணவி ஒருத்தியைக் காய்ச்சலின் ஐந்தாம் நாளில் தாயார் அழைத்து வந்தார். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனையில் எதுவும் காணப்படவில்லை. “டெங்கு இல்லை அம்மா, பயப்படாதேங்கோ” என்று சொல்லி அனுப்பினேன். குருதிக் கலங்களின் எண்ணிக்கையை அடுத்த நாள் பார்க்கலாம் என்று விட்டேன். மறுநாள் காய்ச்சல் விட்டது. பிள்ளைக்கு வயிற்றுவலி, வாந்தி. கை கால் குளிர்ந்துவிட்டது. காய்ச்சல் விட்டதே என்று ஆறியிராமல் தாயார் உடனே கொண்டுவந்ததால் பிள்ளை பிழைத்தாள். அந்தப் பரிசோதனை முதல் சில நாட்களில்தான் நம்பத்தக்கது, நாள் செல்லச் செல்லத் தவறவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அறிக்கையில் இருந்தது ‘காணப்படவில்லை’. தாயிடம் நான் சொன்னது ‘இல்லை’. இன்று அந்த அறிக்கையைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இது எத்தனையாம் நாள் என்று முதலில் கேட்கிறேன்.

தங்கைமாரே, இக்கல்லூரியின் விலங்கியல் ஆய்வுகூடத்தில் எங்கள் ஆசிரியை ஒருவர், நுணுக்குக்காட்டியில் பார்த்ததை வரையச் சொல்வார். புத்தகத்தில் உள்ள படத்தை நினைவிலிருந்து அழகாக வரைந்தால் புள்ளி தரமாட்டார். “உமக்குத் தெரிஞ்சதைக் கீறாதேயும், தெரியிறதைக் கீறும்” என்பார். அன்று மனம் வருந்தியது உண்டு. இன்று அம்பருக்குள் ஒரு தாடையைப் பார்த்து வரைபவரும், வார்ட்டில் ஓர் அறிக்கையை வாசிக்கும் நானும் செய்ய வேண்டியது அதைத்தான்.