பள்ளிகளை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது?

(பெங்களூருவில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



ஒரு சிறுநகரில் அரசு நடுநிலைப் பள்ளிகள் நான்கு இருக்கின்றன. எதில் பிள்ளையைச் சேர்ப்பது என்று பெற்றோர் நம்மிடம் கேட்கின்றனர். இதனை நுகர்வோர் மனநிலை என்று ஒதுக்கிவிடும் தோழர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அருகில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருக்குமாயின், தனியார் பள்ளிகள் 25 விழுக்காட்டு இலவச இடங்களை அளிக்க வேண்டியதில்லை என்று கர்நாடக அரசு 2019இல் விதியைத் திருத்திவிட்டது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு எஞ்சியிருப்பது அரசுப் பள்ளியே. ‘அருகமைப் பள்ளி’ என்று நாம் மொழிபெயர்க்கும் சொல் தூரத்தை அளக்கிறது. உள்ளே ஆசிரியர் இருக்கிறாரா என்பதை அளப்பதில்லை.

அதிகாரிகள் நம்முன் வைக்கும் கணக்கு மாணவர்–ஆசிரியர் விகிதம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியரேனும் வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். இப்படி எண்ணிப் பாருங்கள். ஒரு பள்ளியின் இம்மூன்று வகுப்புகளிலும் சேர்த்து 24 மாணவர், ஆசிரியர் ஒருவர். மற்றொன்றில் 120 மாணவர், ஆசிரியர் நால்வர். விகிதப்படி முதற்பள்ளியே மேலானது! அங்கோ ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளுக்கும் எல்லாப் பாடங்களையும் நடத்த வேண்டும். மாணவர் குறையக் குறைய இந்தக் கணக்கு அழகாகிக்கொண்டே போகும். பள்ளி மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டில் மிக அழகாக இருக்கும்.

அதே சட்டத்தின் அட்டவணையில் இன்னொரு விதி உண்டு. வகுப்புக்கு ஓர் ஆசிரியரேனும் வேண்டும். அறிவியலும் கணிதமும், சமூகவியல், மொழிகள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆசிரியர் வேண்டும். நாம் கையிலெடுக்க வேண்டிய அளவுகோல் இதுவே. ஏழாம் வகுப்புக்குக் கணிதம் நடத்துபவர் யார், அவர் நிரந்தர ஆசிரியரா, கௌரவ ஆசிரியரா என்று பள்ளிதோறும் கேட்போம்.

தங்கவயலை எடுத்துக்கொள்வோம். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசும் மக்கள் கலந்து வாழும் ஊர் அது. அத்தகைய ஊரில் ஒரே கூரையின் கீழ் இரு பயிற்றுமொழிகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனியே எண்ண வேண்டும். கூட்டிச் சொன்னால் குறை மறைந்துவிடும். தமிழ்வழிப் பிரிவில் ஓய்வுபெற்றவரின் இடம் நிரப்பப்பட்டதா? ஆசிரியரை அனுப்பாமலிருந்துவிட்டு, மாணவர் வரவில்லை என்று பிரிவை மூடுவது நிர்வாகத்துக்கு எளிது. கர்நாடக அரசு 2022இல் 15,000 பட்டதாரி ஆசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. அந்த நியமனமும் நீதிமன்ற வழக்குகளில் சிக்கித் தாமதமானது.

கேள்வி கேட்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். ஆனால், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயலின் உழைப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரு வருகின்றனர். வீடு திரும்ப இரவாகிவிடுகிறது. வேலைநாளில் கூட்டம் கூட்டினால் அவர்களுள் எவர் வரமுடியும்? ஒருநாள் கூலியை இழந்து வரச்சொல்வது நியாயமா? குழுக் கூட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க வேண்டும் என்பதே நம் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். பாடவாரியாக ஆசிரியர் பட்டியலைப் பள்ளி வாயிலில் எழுதிவைக்கச் சொல்வது அடுத்தது. இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. ஒரு கரும்பலகை போதும்.