நினைவின் சாவி நம் கையில் இருக்கட்டும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், இளைஞர்களின் கைகளில் புழங்கும் ஒரு புதுக்கருவியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் முதலிய செயற்கை நுண்ணறிவு உரையாடல் உதவியாளர்களையே குறிப்பிடுகின்றோம். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் பொதுமக்களை வந்தடைந்தது. அன்று தொட்டு, பாடத்தில் ஐயம் தீர்க்கவும் விண்ணப்பம் எழுதவும் நம் பிள்ளைகள் இவற்றை நாடுகின்றனர். நாடுவதில் தவறில்லை. ஆயின் பல நாள் நீளும் ஒரு பணியை இவற்றின் துணையோடு செய்யும்போது, நேற்றுச் சொன்னதை இன்று அது அறியாதிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இதற்குக் காரணம் யாது? மாற்று யாது?

மனிதர் நினைவில் வைப்பதுபோல் இவ்வியந்திரம் வைப்பதில்லை. நாம் வினவும் ஒவ்வொரு முறையும், அதுவரை நிகழ்ந்த உரையாடல் மீண்டும் அதன்முன் வைக்கப்படுகிறது. அதைப் படித்தே அது விடையிறுக்கிறது. ஒரே வேளையில் அது படிக்கக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை உண்டு. சொற்களை 'டோக்கன்' எனும் சிறு துண்டுகளாக்கி அவ்வளவைக் கணக்கிடுவர். ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் பெரும்பாலும் மிகுதியான துண்டுகளைக் கொள்ளும். எனவே நம் உரையாடல் எல்லையை விரைவில் தொடும். எல்லை கடந்தால் பழைய பகுதி விடுபடும், அல்லது சுருக்கப்படும். எல்லைக்குள் இருப்பினும், நீண்ட உரையின் நடுவில் கிடக்கும் செய்தியை இவை தவறவிடுவதுண்டு என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நினைவு வசதியும், கோப்புகளை ஒருங்கே சேர்த்துவைக்கும் 'புராஜெக்ட்' வசதியும் 2024 முதல் வந்துள்ளன. அவை பயனுடையனவே. எனினும் எதை நினைவிற்கொள்வது என்பதைப் பல வேளைகளில் இயந்திரமே தெரிவு செய்கிறது. கணக்கு கைவிட்டுப் போனால் நினைவும் உடன் போகும்.

இதனால் நமக்கு விளையும் கேடு யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற மலையூர்களின் மாணவர்க்காக, இட ஒதுக்கீடு, கல்வி உதவித்தொகை பற்றிய ஒரு கையேட்டை நம் இளைஞர்கள் உருவாக்குவதாகக் கொள்வோம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர்க்கு 18 விழுக்காடு. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அதனுள் 3 விழுக்காடு அருந்ததியர்க்கு. பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு. சேலம் மாவட்ட மலையாளிகள் அப்பட்டியலில் உள்ளனர். பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவம் தழுவியோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவர். ஆயினும் மாநில அரசின் உதவித்தொகைகள் பலவற்றில் அவர்களுக்கும் இடமுண்டு. முதல் நாள் இவற்றையெல்லாம் இயந்திரத்துக்குச் சொல்லிப் பணியைத் தொடங்குகின்றோம். நான்காம் நாள் வேறோர் இளைஞர் புதிய உரையாடலைத் திறந்து, "இட ஒதுக்கீடு எவ்வளவு?" என்று மட்டும் வினவினால், நடுவண் அரசின் 15 விழுக்காட்டையும் 7.5 விழுக்காட்டையும் அது தரக்கூடும். அவ்விடை பொய்யன்று, ஆனால் நம் கையேட்டுக்கு உரியதன்று. அச்சேறிவிட்டால், அதனை நம்பி ஒரு பிள்ளை தனக்குரிய கட்டத்தை விட்டு வேறு கட்டத்தில் குறியிடும். ஓர் ஆண்டுப் படிப்பே அதனால் நழுவலாம்.

தலைமையாசிரியர் ஒருவர் மாறுதலில் செல்லும்போது, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை எழுதிக் கையொப்பமிட்டுச் செல்வார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை மாறினாலும் செக்ரோல் புத்தகம் மாறுவதில்லை. உழைத்தவர் பெயர் அதில் நிற்கும். நாள்தோறும் புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியரைப் போன்றதே இவ்வியந்திரம். ஆகவே ஒப்படைப்புப் பட்டியல் நம்மிடம் இருத்தல் வேண்டும்.

அதனை எழுதும் முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, பணியின் நோக்கமும் அதனைப் படிப்போர் யாவர் என்பதும். இரண்டாவது, முடிவு செய்யப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் காரணமும் தேதியும் வேண்டும். காரணம் எழுதப்படாத முடிவை அடுத்தவர் எளிதில் மாற்றிவிடுவார். மூன்றாவது, மாறக்கூடாத சொற்கள். சாதிச் சான்றிதழில் உள்ள பெயர் எவ்வாறோ அவ்வாறே விண்ணப்பத்திலும் வரவேண்டும். இயந்திரம் தன் விருப்பம்போல் மொழிபெயர்த்தல் ஆகாது. நான்காவது, செய்து முடித்தவையும் எஞ்சியவையும். ஐந்தாவது, ஒவ்வொரு செய்தியும் எந்த அரசாணையிலிருந்து, எந்த ஆண்டினது என்பது. மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய் என 2021இல் வெளியான நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகள் கூறின. இத்தகைய தொகைகள் மாறுவன. ஆண்டு குறிக்கப்படாத தொகை பின்னர் வருவோரை ஏமாற்றும்.

இக்குறிப்பு இரண்டு பக்கங்களுக்குள் அடங்கட்டும். ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் அதனை இயந்திரத்துக்குக் கொடுத்து, "நீ புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்" என்று கேளுங்கள். நாள் முடிவில், அன்று தீர்ந்தவற்றைச் சுருக்கித் தரச் சொல்லுங்கள். அச்சுருக்கத்தை அப்படியே ஏற்காமல், திருத்திய பின்னரே குறிப்பேட்டில் சேருங்கள். உரையாடல் நீண்டு குழம்பினால், குறிப்பைக் கையிலேந்திப் புதியதைத் தொடங்குங்கள். மலையில் கைப்பேசி அலை கிட்டாத இடங்களும் உண்டு. ஆதலின் ஒரு படி தாளிலும் இருக்கட்டும். ஒன்றை மட்டும் அதில் எழுதாதீர்கள்: மாணவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், சான்றிதழ் எண் முதலியவை. அவை அவரவர்க்கு உரியவை. இயந்திரத்துக்கு அவற்றால் ஆவதொன்றுமில்லை.

எழுத்தை நம் கையில் வைத்திருத்தல் நமக்குச் சிறிய செய்தியன்று. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்து, நம் முன்னோர்க்கு நிலம் வழங்கியது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. பிறர்க்கு விற்கலாகாது என்ற கட்டுப்பாடு இருந்தும், அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. அதனை மீட்க முயல்வோர் இன்று முதலில் தேடுவது பழைய பதிவேடுகளையே. நிலம் பெற்றவரின் நினைவு அவருடன் மறைந்தது. ஏட்டில் பதிந்தது மட்டுமே வழக்குமன்றத்தில் பேசுகிறது.

இளைஞர்களே! புதுக்கருவியைக் கண்டு அஞ்சவும் வேண்டா, அதனிடம் நினைவை அடகு வைக்கவும் வேண்டா. அது வேகமாக எழுதட்டும். எது நமக்குரியது, எது முடிவானது என்பதை நாம் எழுதிவைப்போம். இவ்விழா முடிந்ததும் ஊருக்கு ஒரு குறிப்பேடு தொடங்குவீர்களாயின், பொன்விழாக் காணப்போகும் தம்பி தங்கையர் வெறுங்கையோடு தொடங்கமாட்டார்கள். சங்கம் மேன்மேலும் வளர்க!