கல்லும் கைப்பேசியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மைசூரில் வாழும் தமிழராகிய நமக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு பிழைப்பினால் மட்டும் ஏற்பட்டதன்று. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகமண்டலத்தினின்றும் இங்கு வந்தது. ஆயிரக்கணக்கான தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் இந்நகரிலேயே இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் ஆணையிட்டபோது, படிகள் எங்கே இருத்தல் வேண்டும் என்று பலரும் பேசினர். மூலக் கற்கள் என்னவாயின என்று கேட்டவர் மிகச் சிலரே!

நமக்கு அண்மையிலுள்ள தலக்காடு, சோழர் ஆட்சியில் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றிருந்தது. அதனைச் சூழ்ந்த ஊர்களிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றை ரைஸ் என்னும் ஆங்கிலேயர் தொகுத்து, 1894-இல் வெளியான நூலில் அச்சிட்டார். அவற்றுள் இன்று நிற்பன எவை? துணி துவைக்கும் கல்லானவை எவை? ஊர்தோறும் காவலர் ஒருவரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. ஆனால் ஊர்தோறும் கைப்பேசி உண்டு.

பெங்களூரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். உதயகுமார் என்னும் அன்பரும் அவருடைய நண்பர்களும் 2017-இல் அந்நகரத்துக் கல்வெட்டுகளைத் தேடத் தொடங்கி, முகநூலில் ஒரு குழுவும் அமைத்தனர். ‘இக்கல்லைக் கண்டவர் உண்டா?’ என்று பொதுமக்களைக் கேட்டனர். மக்கள் விடையிறுத்தனர். 2018-இல் ஹெப்பாளத்தில், கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 750-இல் கிட்டய்யன் என்னும் வீரனுக்காக நட்ட கல் வெளிப்பட்டது. பொதுமக்கள் பொருளுதவியால் அதற்கு மண்டபமும் எழுந்தது. பின்னர் மித்திக் சொசைட்டி என்னும் பழைய கழகம் இப்பணியை மேற்கொண்டு, கற்களை முப்பரிமாண முறையில் படியெடுத்து வருகின்றது. அக்கற்களுள் தமிழ்க் கற்களும் உள. கன்னடம் பேசும் அன்பர்கள் நம் மொழிக் கல்லையும் காத்தனர் என்பதை நன்றியோடு கூறுகின்றோம்.

அவர்கள் செய்ததன் சூட்சுமம், கேட்டதில் இருக்கின்றது. நம் நாட்டு அருங்காட்சியகங்கள் பலவும், சங்கங்கள் பலவும், முகநூலை அறிவிப்புப் பலகையாகவே கருதுகின்றன. ‘இன்று விடுமுறை’, ‘மாலை அணிவிக்கப்பட்டது’ என்பனவே அங்குக் காணப்படும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008-இல் ஏறத்தாழ 3,000 பழைய நிழற்படங்களைப் ஃபிளிக்கர் என்னும் இணையத்தளத்தில் இட்டு, ‘உமக்குத் தெரிந்ததைக் கூறுக’ என்றது. சில திங்களில் 500-க்கு மேற்பட்ட படங்களின் பதிவுகள் பொதுமக்கள் தந்த செய்திகளால் செப்பமுற்றன. அதிகாரிகள் அறியாத ஊரை, அங்குப் பிறந்தவர் அறிவார் அல்லரோ?

எனினும், வந்த விடையைப் பேணாவிடின் பயனில்லை. நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவையே எடுத்துக்கொள்வோம். ஒரு மூத்த அன்பர் ஐம்பதாண்டுக்கு முந்தைய விழாப் படம் ஒன்றை இட்டால், மறுநாட்காலை வந்து குவியும் இருநூறு ‘காலை வணக்க’ப் பூக்களின் அடியில் அது புதைந்துபோகும். (பூக்களை அனுப்புவோர் எங்களைப் பொறுத்தருள்க!) 1998-இல் தோன்றிய மதுரைத் திட்டம் வேறு வழி காட்டிற்று. பல நாடுகளில் சிதறி வாழ்ந்த தமிழர், மின்னஞ்சலால் ஒன்றுகூடி, பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, யாவரும் எடுத்துக்கொள்ளும் வண்ணம் ஓரிடத்தில் வைத்தனர். பேசுவதற்கு ஓரிடம், சேர்த்து வைப்பதற்கு வேறோரிடம் என்ற அந்த ஏற்பாடே நமக்கும் வேண்டும்.

ஆதலின் செயற்குழுவினராகிய நாங்கள் உங்கள்பால் வேண்டுவது இது. வீட்டிலுள்ள பழைய படங்கள், கடிதங்கள், சங்க மலர்கள் ஆகியவற்றை நம் மன்றத்திற்குக் கொணருங்கள். இளைஞர்கள் படியெடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தருவர். படத்திலிருப்போர் யார், எந்த ஆண்டு, யார் கூறியது என்பவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுவோம். உரியவர் இசைவின்றி எதனையும் பொதுவில் இடோம். விடுமுறையில் சிற்றூர் செல்வோர் எழுத்துள்ள கல்லைக் கண்டால், சுண்ணமோ எண்ணெயோ பூசாது படமெடுத்து எங்களுக்கு அனுப்புக. இருக்குமிடத்தை மட்டும் பொதுக் குழுவில் வெளியிட வேண்டா. கல்லின் கீழ்ப் புதையல் உண்டென்று தோண்டுவோர் இன்றும் உளர். அச்செய்தியைத் தொல்லியல் துறையினர்க்கு நாங்களே எழுதுவோம். முதற்படம் தலக்காட்டுப் பக்கத்திலிருந்து வருமாயின் பெரிதும் மகிழ்வோம்.