அணுக்கருவின் ஐந்தொகை
(நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சர்வகலாசாலையில் பௌதிக சாஸ்திரம் பயிலும் நம் பிள்ளைகள், அணுக்கருவையும் அதனினும் நுண்ணிய துகள்களையும் பற்றிய பாடம் வந்தவுடன் அஞ்சுகின்றனர். பெற்றோரோ, அணுகுண்டு செய்வோருக்கன்றி அது யாருக்கு வேண்டும் என்கின்றனர். பேரேட்டிலே பிறந்து வளர்ந்த நம் சமூகத்தார் இவ்வாறு கூறுவது நமக்கு வியப்பாயிருக்கிறது. அப்பாடத்தின் முதற்படி ஐந்தொகை எடுப்பதேயாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஹீலியத்தின் கருவில் புரோட்டான் இரண்டு, நியூட்ரான் இரண்டு. அணு நிறையலகில் புரோட்டான் ஒன்றின் நிறை 1.00728, நியூட்ரானுடையது 1.00866. நான்கையும் கூட்டினால் 4.03188 ஆகவேண்டும். அளந்து பார்த்தாலோ கருவின் நிறை 4.00151 தான். எஞ்சிய 0.03037 எங்கே போயிற்று? நான்கும் ஒன்று கூடியபோது அது சக்தியாக வெளியேறிவிட்டது. ஐன்ஸ்டீன் 1905-இல் கண்ட விதிப்படி அச்சக்தி 28.3 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். கருவை மீண்டும் பிரிக்கவேண்டின் அதே தொகையை நாம் திருப்பிக் கட்டியாகவேண்டும். சூரியன் ஒளிர்வதும், ஹைட்ரஜன் ஹீலியமாகுங்கால் நேரும் இக்குறைவினாலேயே.

கணக்கு ஒவ்வாத இடமே இச்சாஸ்திரத்தில் சுவை மிக்கது. பீட்டாச் சிதைவில் கருவிலிருந்து ஓர் எலெக்ட்ரான் வெளிப்படும். முன்னும் பின்னும் கருவின் நிறை இன்னதென்று தெரியுமாதலால், ஒரு வகைக் கருவிலிருந்து வரும் எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரே அளவான சக்தியோடு வருதல் வேண்டும். ஆனால் 1914-இல் சாட்விக் அளந்தபோது ஒன்று கூடவும் ஒன்று குறையவுமாக எல்லா அளவிலும் வந்தன. சக்தி அழியாதென்னும் விதியே இங்குப் பொய்க்குமோ என்று நீல்ஸ் போர் போன்ற பேரறிஞரும் ஐயுற்றனர். பௌலி என்பவர் விதியைக் கைவிட மனமின்றி, கண்ணுக்குத் தப்பிய மற்றொரு துகள் மிச்சத்தைக் கொண்டுபோகிறது என்று 1930 டிசம்பர் 4-ஆம் நாள் டூபிங்கனில் கூடவிருந்த அறிஞருக்கு மடல் எழுதினார். (தாம் நேரில் வாராமைக்கு அவர் கூறிய காரணம், சூரிச்சில் நடக்கவிருந்த ஒரு நடன விருந்து!) பெர்மி அதனை நியூட்ரினோ என வழங்கிக் கணித வடிவம் தந்தார். 1956-இல் ரெய்ன்ஸும் கோவனும் அமெரிக்காவில் ஓர் அணு உலையருகே அதனைக் கண்டுபிடித்தனர். 1965-இல், தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலும், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயம் கிட்டியது. எழுதாத செலவொன்று உண்டென்று துணிந்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தேடிக் கண்ட வரலாறு இது.

ஆதலின் மாணாக்கருக்கு நாம் சொல்வது: குவார்க்குகளின் பெயர்களை முதலில் நெட்டுருப் பண்ணாதீர்கள். மேற்சொன்ன ஹீலியக் கணக்கைக் கையால் போடுங்கள். பின்பு இரும்புக்கும் யுரேனியத்துக்கும் போடுங்கள். குவாண்டம் இயலில் கால் ஊன்றாமல் துகளியலுக்குத் தாவுதல் வீண்.

பெற்றோருக்கும் ஒன்று. புற்றுநோய் பரவிய இடத்தை ஆஸ்பத்திரியில் காட்டும் பெட் படம், பீட்டாச் சிதைவின் ஒரு வகையைக் கொண்டே எடுக்கப்படுகிறது. குண்டு ஒன்றே இச்சாஸ்திரத்தின் பயனன்று. ஆயினும் நம் சங்கத்தின் உபகாரச் சம்பளம் இன்றளவும் வைத்தியத்துக்கும் எஞ்சினீயரிங்குக்கும் மட்டுமே வழங்கப்படுகிறது. பௌதிகம் விரும்பிய பிள்ளை, பணத்துக்காக வேறு வகுப்பில் சேரவேண்டியதாகிறது. பெண் பிள்ளைகளிடத்து இது இன்னும் அதிகம். ஆண்டுதோறும் இரண்டு சம்பளங்களேனும் சுத்த சாஸ்திரம் பயில்வோருக்கு ஒதுக்கவேண்டுமென்று வரும் மகாசபையில் பிரேரணை கொண்டுவரவிருக்கிறோம். அங்கத்தினர் யாவரும் தவறாது வந்து ஆதரிக்கக் கோருகிறோம்.