நரம்பும் விரலும்: கிட்டாரின் முதற்பாடம்



பத்தாண்டு நிறைவு விழாவில் இசையும் கவிதையும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். பொருள் பெரிது, நேரம் சிறிது. ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கிட்டார் என்னும் கருவியை, அதுவும் மேலைச் செவ்வியல் முறையில், ஒருவர் முதன்முதலாகக் கற்கத் தொடங்குவது எப்படி? தமிழ் விரிவுரையாளருக்கு இதில் என்ன வேலை என்று முன்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. நாற்பதைக் கடந்தபின் இக்கருவியை மடியில் வைத்தவள் நான். அதைக் கற்கக் கற்க, வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் கானல்வரியே எனக்குப் புதிதாக விளங்கத் தொடங்கியது. அதனால்தான் பேசத் துணிந்தேன்.

இந்தக் கடற்கரைக்குக் கிட்டார் புதியதன்று. வழிபாடு மக்கள் மொழிகளில் நிகழலாம் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிவிட்ட பிறகு, ஆலயப் பாடற்குழுக்களில் ஆர்மோனியத்தின் அருகே கிட்டாரும் வந்து அமர்ந்தது. ஆயின் அங்கே கேட்பது எஃகுக் கம்பிகளைத் தகட்டால் ஒருசேர வருடும் துணையிசை. நான் சொல்லும் முறை வேறு. இங்கே தகடு இல்லை; விரல்களே நரம்பை மீட்டுகின்றன. கீழ்க்குரலும் மேற்குரலும் இடைக்குரலும் ஒரே கையில் பிறக்கின்றன. ஒரு குழுவின் பாட்டை ஒருவரே பாடுவது போன்றது இது.

இம்முறையின் வரலாற்றில் ஓர் ஏட்டை இவ்வூரில் நின்று நினைப்பது பொருத்தம். கிட்டாருக்கு நெருங்கிய உறவான விகுவேலா என்னும் ஸ்பானிய நரம்புக்கருவிக்கு முதன்முதலில் அச்சேறிய நூல், 1536இல் வலென்சியாவில் லூயிஸ் மிலான் வெளியிட்ட 'எல் மாயெஸ்த்ரோ' என்பது. 'ஆசான்' என்று பொருள். ஒருபோதும் கருவியைத் தொட்டிராத மாணவனை ஓர் ஆசிரியர் எப்படி நடத்திச் செல்வாரோ அப்படி எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுமாறு அதை அமைத்தார் மிலான். ஆறு நரம்புகளுக்கு ஆறு கோடுகள். விரல் பதியும் இடத்துக்கு எண்கள். எழுத்தறிந்த எவரும் அதைப் பார்த்து இசைக்கலாம். அந்நூல் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜானுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதே மன்னர் காலத்தில், அவர் விருப்பத்தின்பேரில் கப்பலேறி, 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர்தாம் இங்கே குகையில் தங்கியதாக நாம் போற்றும் பிரான்சிஸ் சவேரியார். அவரும் ஒரு தொடக்க மாணவர்தாம். வேண்டுதல்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்த செய்தியை அவர்தம் மடல்கள் கூறுகின்றன. இரண்டிலும் இருப்பது முதற்பாடம்.

இனி நம் பக்கம் திரும்புவோம். யாழ் நமது கருவி. அதன் உறுப்புகளையும் நரம்பின் குற்றங்களையும் விரலின் தொழில்களையும் சிலம்பு பெயரிட்டுச் சொல்கிறது. ஆனால் யாழ் மறைந்துபோயிற்று. சுவாமி விபுலானந்தர் பல்லாண்டு உழைத்து, கணக்கிட்டுக் கணக்கிட்டு, 1947இல் 'யாழ்நூல்' எழுதியே அதன் வடிவையும் சுருதியையும் மீட்க வேண்டியிருந்தது. ஏன்? இசை நுணுக்கத்தின் உச்சியை நாம் எழுதிவைத்தோம். சிறுமி ஒருத்தி முதல்நாள் யாழை எந்தத் தொடையில் வைத்தாள், எந்த நரம்பை முதலில் தொட்டாள் என்பதை எழுதிவைக்கவில்லை. அது ஆசானின் வீட்டுத் திண்ணையோடு போயிற்று. யாழ் அழிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. இதுவும் ஒன்று என்பது என் துணிபு.

எனினும் முற்றிலும் போய்விடவில்லை. கானல்வரித் தொடக்கத்தில் மாதவி யாழை வாங்கிச் செய்யும் எண்வகைத் தொழிலை நினைவுகூருங்கள். முதலாவது பண்ணல், அதாவது எடுத்துக்கொண்ட பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை இறுக்கிச் சுருதி கூட்டுதல். ஆராய்தல் என்பதை ஏற்ற இறக்கமாக இசையைத் தெரிந்து பார்த்தல் என விளக்குவர் பழைய உரைகாரர். துள்ளி விரையும் குறும்போக்கு கடைசியில் நிற்கிறது. கிட்டார் மாணவருக்கு இதைவிடச் சிறந்த கால அட்டவணை உண்டா? இன்று தொடங்குவோரில் பலர் குறும்போக்கிலிருந்து தொடங்குகிறார்கள். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் கிட்டார் ஒலியைக் கேட்டு, அதை ஒரு வாரத்தில் வாசிக்க விரும்பி, இரண்டாம் வாரம் கருவியைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

அந்தப் படத்துக்கு இசையமைத்த இளையராஜா அவர்கள் எப்படிக் கற்றார்? பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்த அனுபவத்துடன் சென்னைக்கு வந்தவர் அவர். இருந்தும் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசைக் குறியீட்டை அரிச்சுவடியிலிருந்து படித்தார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் செவ்வியல் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் பெற்றார். மேடை கண்ட கை மீண்டும் மாணவக் கையாக மாறியது. தாழ்வு என்று அவர் அதைக் கருதவில்லை.

சரி, முதல்நாள் என்ன செய்வது? நிமிர்ந்த நாற்காலியின் முன்விளிம்பில் அமர்க. இடக்கால் ஏறத்தாழ ஒரு சாண் உயரமுள்ள சிறு பலகைமேல் இருக்கட்டும். கிட்டாரின் இடுப்பு இடத்தொடையில் படிய, கழுத்து மேல்நோக்கிச் சாயட்டும். வீணையில் நாம் மெட்டு என்பதே இங்கும் மெட்டு. பிரடையும் குதிரையும் அவ்வாறே. புதுச்சொல் தேடி அலைய வேண்டா. இடக்கை நகங்களை ஒட்ட வெட்டுக. விரல்நுனி மெட்டின்மேல் அன்று, மெட்டுக்குச் சற்றுப் பின்னால் ஊன்ற வேண்டும்; அங்கே குறைந்த அழுத்தமே போதும். மேலே ஏறிவிட்டால் ஒலி மழுங்கும். வெகுவாகப் பின்வாங்கினால் கரகரக்கும்.

வலக்கையைப் பற்றித்தான் மிகுதியாகச் சொல்ல விரும்புகிறேன். பெருவிரல் தடித்த மூன்று நரம்புகளுக்கு உரியது. சுட்டுவிரலும் நடுவிரலும் மோதிரவிரலும் மெல்லிய மூன்றுக்கு. ஸ்பானிய மொழியில் இந்நான்கு விரல்களின் முதலெழுத்துகளையே உலகெங்கும் குறியீடாக எழுதுகிறார்கள். நம் உரைகாரர்கள் வார்தல் என்பதைச் சுட்டுவிரலின் தொழில் என்றும், வடித்தல் என்பதைச் சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்வது என்றும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். விரலுக்கு விரல் தொழிலைப் பகுத்துப் பெயரிட்ட மரபு இது. இச்சொற்களைத் தேர்வுத்தாளில் மட்டும் எழுதவைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. தமிழில் கிட்டார் கற்பிப்போர் இவற்றைத் துணிந்து எடுத்தாளலாம். மெட்டில்லாக் கருவியின் சொல் மெட்டுள்ள கருவிக்குப் பொருந்துமா எனக் கேட்பீர்கள். வலக்கைத் தொழிலுக்குப் பொருந்தும். இடக்கைக்கு வீணை இருக்கிறது.

முதல் இரு வாரம் இடக்கை சும்மா இருக்கட்டும். திறந்த நரம்புகளில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாறி மாறி நடத்துக. மாறி மாறி என்பதுதான் உயிர். ஒரே விரல் இருமுறை வந்தால் நடை நொண்டும். வெண்பாவில் தளை தட்டினால் நம் காது அறியும் அல்லவா? அப்படி. பிறகு மவுரோ ஜுலியானி 1812இல் வெளியிட்ட 120 வலக்கைப் பயிற்சிகளில் முதல் பத்தைத் தொடலாம். அவற்றில் இடக்கை இரண்டே இரண்டு சுரக்கூட்டுகளை மட்டும் மாற்றி மாற்றிப் பிடிக்கும். கவனம் முழுதும் வலக்கைக்கே. அதன்பின் பெர்னாண்டோ சோர் தொடக்க மாணவர்க்கென எழுதிய 25 சிறு பாடங்கள் (அவருடைய 60ஆம் படைப்பு). முதற்பாடத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான். ஐரோப்பா கொண்டாடிய கலைஞர் அவ்வளவு எளிமையாக எழுதக் கூசவில்லை.

சுருதி கூட்டுவதில் ஒரு வேடிக்கை. தடித்த நரம்பிலிருந்து மி, லா, ரே, சோல், சி, மி என்பது முறை. நின்ற நரம்புக்கு நான்காவது நட்பு, மூன்றாவது பகை என்பது நம் இசைமரபு. கிட்டாரில் ஐந்து இடைவெளிகள்; நான்கு நட்பு, சோலுக்கும் சிக்கும் நடுவே மட்டும் பகை. அந்த ஒரு பகை இல்லையேல் கை இவ்வளவு எளிதாகச் சுரக்கூட்டுகளைப் பிடிக்க முடியாது. கவிஞர்கள் இதை வைத்து என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வூர் இளைஞருக்குச் சில எச்சரிக்கைகள். செவ்வியல் கிட்டாருக்கு எஃகுக் கம்பி கட்டாதீர். நைலான் நரம்புகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுப்பைத் தருவன. எஃகு அதைவிட மிகுதியாக இழுத்துக் குதிரையைப் பெயர்த்துவிடும். முன்பு இக்கருவிக்கு ஆட்டுக்குடல் நரம்புதான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானை நரம்பாக்கினார். ஆந்திரே செகோவியா அதை மேடையேற்றினார். பருத்தி வலை போய் நைலான் வலை வந்த கதையை அறிந்த உங்களுக்கு இதில் வியப்பிராது. மெல்லிய மூன்று நரம்புகள் உப்புக்காற்றைத் தாங்கும். தடித்த மூன்றின்மேல் சுற்றிய உலோகக் கம்பி கறுத்து ஒலி மங்கும். வாசித்தபின் துணியால் துடைத்துப் பெட்டியில் மூடிவையுங்கள். புது நரம்பு சில நாள் தளர்ந்துகொண்டே இருக்கும். அதைக் கண்டு கடைக்காரரைக் கடிய வேண்டா.

நாளொன்றுக்கு எவ்வளவு நேரம்? காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம். ஞாயிறு ஒருநாள் மூன்று மணிநேரம் உட்கார்வதைவிட இது மேல். விரல்நுனி வலிக்கும், சில வாரங்களில் காய்த்துவிடும். மணிக்கட்டு வலித்தால் மட்டும் நிறுத்துங்கள். அது பிடிக்கும் முறை தவறு என்பதன் அடையாளம்.

ஆசிரியர் இல்லையே என்று பாடற்குழுப் பெண்பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள். சென்னையில் 1842 முதல் இயங்கும் மியூசி மியூசிகல் போன்ற இடங்கள் இங்கிருந்து தொலைவு. அவளுக்கென நான்கு பக்கத்தில் முதல் மாதப் பாடத்தைத் தமிழில் எழுதியிருக்கிறேன்: பண்ணல், ஆராய்தல், வார்தல், வடித்தல் என்னும் தலைப்புகளில். படிகள் வாயிலருகே மேசைமேல் உள்ளன. வாசிக்கத் தெரிந்தவர்கள் திருத்தித் தாருங்கள்.