மா ரொபேட்

டேவிட் லிவிங்ஸ்டனின் பெயரைக் கேள்வியுறாத பள்ளி மாணவர் மிகச் சிலரே. ஆபிரிக்கக் கண்டத்தை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை கடந்தவர். 1855ஆம் ஆண்டில் விக்டோரியா நீர்வீழ்ச்சியைக் கண்டு ஐரோப்பியருக்கு அறிவித்தவர். அடிமை வாணிகத்தின் கொடுமையை உலகறியச் செய்தவர். அத்தகைய பெரியாருக்கு மனைவி ஒருவரும் மக்களும் இருந்தனர் என்பதைச் சரித்திர நூல்கள் ஓரிரு வரிகளிற் சொல்லி அப்பாற் செல்லும். அவ்வரிகளுக்குள் அடங்கிக் கிடக்கும் வாழ்க்கையோ சிறிதன்று.

மேரி மொபற், 1821ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவின் உள்நாட்டிலே பிறந்தார். தந்தையாராகிய ரொபேட் மொபற் பாதிரியார் குருமானில் மிஷன் நிலையம் அமைத்து, செற்சுவானா மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர். ஆகவே ஸ்கொத்லாந்திலிருந்து சென்ற லிவிங்ஸ்டனுக்கு அந்நியமாயிருந்த நாடு, மேரி அம்மையாருக்குப் பிறந்த மண்ணாயிருந்தது. 1844இல் சிங்கமொன்று லிவிங்ஸ்டனின் இடது கையைக் கடித்து முறித்தது. காயம் ஆறும்பொருட்டுக் குருமானுக்கு வந்தவர் அங்கே மேரியைக் கண்டு மணம் பேசினார். 1845 சனவரியில் திருமணம் நிறைவேறியது.

இரண்டு இடங்களிற் குடியிருந்து பார்த்த பின்னர், 1847இல் அவர்கள் கொலொபெங் ஆற்றங்கரையை அடைந்தனர். இன்று பொற்சுவானா எனப்படும் நாட்டில், பக்வேனா மக்களின் தலைவர் செச்செலேயின் ஊர் அது. கடை கண்ணி எதுவும் அருகில் இல்லை. கறையான் புற்றைக் குடைந்து, உள்ளே நெருப்பு மூட்டிச் சூடேற்றி, வாயிலைக் கல்லால் அடைத்து, அதிலே பாண் சுட்டனர். செடியைச் சுட்ட சாம்பலிலிருந்து சவர்க்காரம் ஆக்கினர். மெழுகுதிரியும் வெண்ணெயும் வீட்டிலேயே உண்டாயின. மழை பொய்த்து, ஆறு வற்றிய ஆண்டுகள் அவை. வெட்டுக்கிளியும் கம்பளிப்புழுவும் பெருந்தவளையும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு உணவாயிருந்தன. மிஷனரியின் பிள்ளைகளும் அவற்றை விரும்பி உண்டனர். இவ்வளவு வேலைக்கும் நடுவில், பிற்பகலிலே சிறுவர் பள்ளியையும் தையல் வகுப்பையும் நடத்தியவர் மேரி அம்மையாரே. தலைப்பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாரின் தாய் என்று பெண்ணை அழைப்பது அந்நாட்டு வழக்கம். மூத்த மகன் ரொபேட் 1846இல் பிறந்ததும் அவரும் ‘மா ரொபேட்’ ஆனார். ஊரார் தம்முள் ஒருத்திக்கு வழங்கும் பெயரை அவருக்கும் வழங்கினர்.

அக்காலத்தை நினைந்து லிவிங்ஸ்டன் பிற்காலத்தில் எழுதியபோது, தமக்கு ஒரேயொரு வருத்தமே உண்டு என்றார். பிறருக்குப் போதிப்பதில் முழு வலிமையையும் செலவிட்ட தாம், பிள்ளைகளுடன் விளையாடுவதற்கென்று ஒரு பொழுதை ஒதுக்கவில்லையே என்பதுதான் அது.

லிவிங்ஸ்டனுடைய கண் எப்போதும் வடதிசையிலேயே இருந்தது. 1850இல் கர்ப்பவதியாகிய மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் எருதுகள் பூட்டிய வண்டியில் ஏற்றி, கலகாரி வறள்நிலத்தின் வழியே நகாமி ஏரிக்கு அழைத்துச் சென்றார். பிள்ளைகள் காய்ச்சலில் விழுந்தனர். திரும்பியதும் பிறந்த பெண்குழந்தை சில வாரங்களில் மாண்டது. தாயின் முகத்தில் ஒரு பக்கம் வாதத்தால் இழுத்துக்கொண்டது. மறு ஆண்டு மீண்டும் பயணம். மீண்டும் அவர் கர்ப்பவதி. மேரியின் தாயார், இது கொடுமை அன்றோ என்று மருமகனுக்குக் கடிந்து எழுதினார். பயணம் நிற்கவில்லை. வழிகாட்டி வழி தவறிவிட, நீரின்றிச் சில நாட்கள் பிள்ளைகள் தவித்தனர். தாய் ஒரு சொல்லும் குறைகூறவில்லை; கண்ணீர் மட்டும் வழிந்தது என்று கணவரே எழுதியுள்ளார். அவர்கள் சென்றடைந்த லின்யாந்திப் பகுதி எத்தகைய இடம் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1860இல் அங்கே மிஷன் பணிக்குச் சென்ற ஹெல்மோர் தம்பதியரும், அவர்களுடைய பிள்ளைகளில் இருவரும், உடன் சென்ற பிரைஸ் பாதிரியாரின் மனைவியும் கைக்குழந்தையும் அவ்வாண்டிலேயே மாண்டனர்.

1851 செப்டெம்பரில், திரும்பும் வழியில், ஆற்றங்கரையிலே மேரி அம்மையார் ஓர் ஆண்மகவை ஈன்றார். உடன் பயணஞ் செய்த நண்பர் ஒஸ்வெலின் பெயரே அதற்கு இடப்பட்டது. அந்நண்பர் முன்னர் சென்னையிற் கிழக்கிந்தியக் கொம்பனியின் உத்தியோகத்தராயிருந்தவர் என்பது நம்மவர்க்குச் சுவைதரும் செய்தி. இக்குடும்பத்தின் கிழிந்த ஆடைகளைக் கண்டு, கேப்டவுனில் புத்தாடைகள் வாங்கப் பணம் கொடுத்தவரும் அவரே.

1852 ஏப்ரிலில் தாயும் நான்கு பிள்ளைகளும் பிரித்தானியாவுக்குக் கப்பலேறினர். கணவர் உள்நாடு நோக்கித் திரும்பினார். பிரிவு நாலரை ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. ஸ்கொத்லாந்தில் மாமனார் மாமியாரின் வீட்டில் ஒத்துப்போக இயலாமல், மேரி அம்மையார் வாடகை அறைகளில் மாறிமாறிக் குடியிருந்தார். இலண்டன் மிஷனரிச் சங்கத்தாருக்குப் பணங்கேட்டு எழுதவேண்டியதாயிற்று. நம்பிக்கை தளர்ந்தது, மதுவும் துணையாயிற்று. கலகாரியின் தாகத்தைப் பொறுத்தவர், குளிர்நாட்டின் தனிமையைப் பொறுக்க இயலாதவரானார். அவரைக் குறைகூறுவது எளிது, கூறியவர்களும் பலர்.

1858இல் லிவிங்ஸ்டன் அரசாங்கத்தின் சார்பில் சம்பேசி ஆற்றுக்குச் சென்றபோது, நீராவிப் படகிற்கு ‘மா ரொபேட்’ என்று பெயரிட்டார். படகு ஆற்றிலே சென்றது. பெயருக்குரியவரோ கர்ப்பவதியானதால் கேப்டவுனில் இறங்கிக்கொண்டார். தாய்வீடாகிய குருமானில் அன்னா மேரி பிறந்தாள். 1862இன் தொடக்கத்தில், பிள்ளைகளைப் பிரித்தானியாவில் விட்டுவிட்டு அவர் கணவரிடம் வந்து சேர்ந்தார். மூன்று மாதங்கள் ஆகுமுன்னரே, ஏப்ரில் 27ஆம் திகதி, சுபங்கா என்னுமிடத்திற் காய்ச்சலால் இறந்தார். வயது நாற்பத்தொன்று. ஆற்றங்கரையிலே, பெருக்கமரம் ஒன்றின் அடியில் அடக்கஞ் செய்தனர்.

தந்தையைத் தேடி ஆபிரிக்காவுக்கு வந்த மூத்த மகன் ரொபேட், அவரை அடைய முடியாமல் அமெரிக்காவுக்குச் சென்றான். குடும்பப் பெயருக்கு இழுக்கு நேராதிருக்க வேறொரு பெயரைப் பூண்டு வடபகுதிப் படையிற் சேர்ந்து, சிறைப்பட்டு, 1864 டிசெம்பரில் வட கரோலினாவிலுள்ள சிறைமுகாமில் இறந்தான். வயது பதினெட்டு.

அதே ஆண்டு யூலையில் தாயகம் திரும்பியிருந்த லிவிங்ஸ்டன், ஐந்து வயதாகியிருந்த அன்னா மேரியை முதன்முறையாகக் கண்டார். மறு ஆண்டு ஓகஸ்ற்றில் மீண்டும் ஆபிரிக்காவுக்குப் புறப்பட்டார்.